ஜெரேனியத்துக்குப் பனியைவிட மழையே பகை

நீலகிரியின் பழைய வீடுகளில் முகப்புத் தாழ்வாரத்திலோ சன்னல் விளிம்பிலோ ஜெரேனியம் தொட்டி ஒன்றாவது இல்லாத வீட்டைக் காண்பது அரிது. அரைச்சுவரின் மேல் பழைய பெயின்ட் டப்பாவில் வளர்ந்தாலும் சரி, ஊட்டி தாவரவியல் பூங்காவின் கண்ணாடி மாளிகையில் படிப்படியாக அடுக்கப்பட்டிருந்தாலும் சரி, அது பூத்திருக்கும்போது யாரும் திரும்பிப் பார்க்காமல் கடந்துவிட முடியாது. அப்படியிருந்தும், இந்த மலைக்கு வந்து புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் அதிகம் இழக்கும் செடியும் இதுதான். காரணம் கேட்டால் பெரும்பாலோர் பனியைச் சொல்வார்கள். டிசம்பரிலும் ஜனவரியிலும் புல்தரை வெள்ளை வெளேரென்று உறைந்து கிடக்கும் ஊரில் அந்தப் பதில் இயல்பானதே. ஆனால், பல ஆண்டுகளாகத் தொட்டியிலும் பாத்தியிலும் இதை வளர்த்துவரும் எனக்கு வேறு கருத்து உண்டு. பனி இந்தச் செடியை ஆண்டில் சில இரவுகளில் மட்டுமே மிரட்டுகிறது. அந்த இரவுகளைச் சமாளிக்க வழியும் இருக்கிறது. ஜூனில் தொடங்கி நவம்பர் வரை விட்டுவிட்டுப் பெய்யும் மழையும், அதற்கு நடுவே நாமும் பூவாளியோடு போய் ஊற்றும் தண்ணீரும்தான் இதை உண்மையில் கொல்கின்றன.

எந்தச் செடியைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் தெளிவுபடுத்திவிடுவது நல்லது. நாம் ஜெரேனியம் என்று சொல்லும் தொட்டிச் செடி, தாவரவியலாரின் கணக்கில் பெலார்கோனியம். லின்னேயஸ் 1753-இல் எல்லாவற்றையும் ஜெரேனியம் என்ற ஒரே பேரினத்துக்குள் வைத்தார். 1789-இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெரித்தியே பெலார்கோனியத்தைத் தனியாகப் பிரித்தார். இரண்டு நூற்றாண்டுகள் கடந்தும் நாற்றுப் பண்ணைக்காரர்கள் அந்தப் பாகப்பிரிவினைக்குச் சம்மதிக்கவில்லை. நானும் இக்கட்டுரையில் அவர்கள் பக்கமே நிற்கிறேன். ஆயினும் வேறுபாட்டை அறிந்திருப்பது வளர்ப்பவருக்கு உதவும். நீலகிரியின் புல்வெளிகளில் தானே முளைத்துப் படர்ந்து, வெளிறிய சிறு பூக்களைப் பூக்கும் ஜெரேனியம் நேபாளென்ஸ் உண்மையான ஜெரேனியம். அதன் ஐந்து இதழ்களும் ஒரே அளவில் இருக்கும், பனியைப் பற்றி அதற்குக் கவலையே கிடையாது. தொட்டி ஜெரேனியத்தின் ஒற்றை அடுக்குப் பூவைக் கண்ணருகே வைத்துப் பார்த்தால், இதழ்கள் மேலே இரண்டும் கீழே மூன்றுமாகப் பிரிந்து நிற்பது தெரியும். பூவுக்குப் பின்னால், காம்பின் மேல்புறத்தில் சிறு முடிச்சு போன்ற ஒரு புடைப்பு இருக்கும். அந்த முடிச்சுக்கும் பூவுக்கும் நடுவே காம்பைப் பிளேடால் குறுக்கே அரிந்தால், ஊசிமுனை நுழையும் அளவில் ஒரு துளை தென்படும். காம்போடு ஒட்டியே பிறந்த தேன்குழல் அது. வேறு எந்த அடையாளமும் தேவையில்லை. இந்தத் துளை இருந்தால் அது பெலார்கோனியம், பனியில் கருகக்கூடிய செடி.

பெலார்கோனியத்தில் ஏறத்தாழ 280 இனங்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்தவை. அங்கும் மேற்குக் கேப் பகுதியில்தான் கூட்டம் அதிகம். கேப் டவுனைச் சுற்றியுள்ள நிலத்தில் மழை குளிர்காலத்தில், அதாவது மே முதல் ஆகஸ்டு வரை, பெய்கிறது. கோடை வறண்டு கிடக்கிறது. ஆண்டு முழுவதற்குமான மழையே அந்நகரில் 500 மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். செடியின் உடற்கட்டு முழுவதும் இந்த வறட்சிக்காக அமைந்தது: நீரைச் சேமித்து வைத்துக்கொள்ளும் சதைப்பற்றான தண்டு, ஆவியாதலைக் குறைக்கும் மென்மயிர் போர்த்த இலை, ஆழமில்லாத வேர். ஊட்டியில் ஆண்டு மழை 1,200 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. குன்னூரிலும் கோத்தகிரியிலும் வடகிழக்குப் பருவமழை வேறு சேர்ந்துகொள்கிறது. தாய்நிலத்தில் இச்செடி காணாத அளவு தண்ணீரை, அதுவும் நல்ல வெதுவெதுப்பான வளர்ச்சிக் காலத்தில், நம் வானம் அதன் தலையில் கொட்டுகிறது. அழுகல் வராமல் என்ன செய்யும்?

எல்லா ஜெரேனியங்களும் மழைக்கு ஒரே அளவில் அஞ்சுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தொட்டிகளில் நாம் அதிகம் காணும், இலையில் கரும்பழுப்பு வளையம் ஓடும் ஸோனல் வகை, பெலார்கோனியம் ஸோனேல், பெலார்கோனியம் இன்குவினன்ஸ் ஆகிய இரண்டிலிருந்து கலப்பில் வந்தது. இந்த இரண்டும் தென்னாப்பிரிக்காவின் கிழக்குப் பக்கம் வரை பரவியவை. கோடை மழையையும் ஓரளவு அறிந்தவை. ஆகவே ஸோனல் வகை நம் மழையைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கும். பளபளப்பான தடித்த இலையோடு தொங்கிப் படரும் ஐவி இலை ஜெரேனியம், புதர்களின் மேல் ஏறிக் கிடக்கும் பெலார்கோனியம் பெல்டேட்டத்தின் வழி வந்தது; வடிகால் சரியாக இருந்தால் அதுவும் பிழைத்துக்கொள்ளும். பெரிய, பட்டுத்துணி போல் சுருங்கிய இதழ்களில் கருஞ்சிவப்புத் தீற்றலோடு பூக்கும் ரீகல் வகைதான் சிக்கலானது. அதன் முன்னோர்களில் முதன்மையான பெலார்கோனியம் குக்குல்லாட்டம், கேப் டவுனை ஒட்டிய கடற்கரைச் சரிவுகளில் வளர்வது. கோடை மழையே அறியாதது. ரீகலை ஜூனில் திறந்த பாத்தியில் விட்டு வைப்பவர் அதை வழியனுப்புகிறார் என்றுதான் பொருள்.

இந்தச் செடி ஊட்டிக்கு இங்கிலாந்து வழியாக வந்தது. அதன் நாட்காட்டியும் கூடவே வந்தது. லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்தின் சார்பில் 1772-இல் கேப்புக்குப் போன பிரான்சிஸ் மேசன் அங்கிருந்து ஏராளமான பெலார்கோனியங்களை அனுப்பினார். 1845-இல் பிரிட்டனில் கண்ணாடி மீதான வரி நீக்கப்பட்டதும் கண்ணாடி வீடுகள் மலிந்தன; பனிக்காலம் முழுவதும் கண்ணாடிக்குள் ஆயிரக்கணக்கில் செடிகளை வைத்திருந்து, கோடையில் பூங்காப் பாத்திகளை ஒரே சிவப்பாக நிரப்பும் மோகம் அந்த நாட்டைப் பிடித்தது. பக்கிங்ஹாம் அரண்மனைக்கு முன்னால் கோடையில் இன்றும் காணும் சிவப்புப் பாத்திகள் அந்த மோகத்தின் எச்சம்தான். கியூவில் பயின்ற வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் 1848-இல் ஊட்டி தாவரவியல் பூங்காவை உருவாக்க வந்தபோது இங்கிலாந்தில் நிலவிய தோட்டக்கலை இதுவே. அங்கே வழக்கம் என்னவென்றால், மே மாதக் கடைசியில் பனி நின்றதும் செடியைப் பாத்தியில் நட்டு, அக்டோபரில் முதல் பனிக்கு முன் தோண்டியெடுத்து உள்ளே கொண்டுபோய்விடுவது. ஆங்கிலத் தோட்டப் புத்தகங்கள் இன்றும் இதையே எழுதுகின்றன. ஊட்டியில் மே மாதக் கடைசியில் பாத்தியில் நட்டால் என்ன நடக்கும்? இரண்டே வாரத்தில் தென்மேற்குப் பருவமழை வந்து நிற்கும். புத்தகத்தைப் படித்து வளர்ப்பவர்களின் செடிகள், படிக்காமல் வளர்ப்பவர்களின் செடிகளைவிட விரைவாகச் சாவதற்கு இது ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

நம் நாட்காட்டி வேறு. ஊட்டியில் ஜெரேனியத்துக்குப் பொற்காலம் பிப்ரவரிக் கடைசி முதல் மே வரை. வெயில் தெளிவாக அடிக்கும், இரவு குளிர்ந்திருக்கும், மழை எப்போதாவது வரும். மே மாத மலர்க் கண்காட்சியில் மாடங்களில் அடுக்கும் ஆயிரக்கணக்கான தொட்டிகளில் ஜெரேனியத்துக்கும் இடம் கிடைப்பது இந்தப் பருவத்தால்தான். செப்டம்பர், அக்டோபரில் வரும் இரண்டாம் சீசனில் ஸோனல் வகை மறுபடியும் பூக்கும். ஆனால் முதல் சீசனின் செழிப்பு இருக்காது.

பாத்தியில் வளர்க்க விரும்புவோருக்கு நான் சொல்வது, தொட்டியோடு சேர்த்துப் பாத்தியில் புதைத்துவிடுங்கள் என்பதே. மார்ச் தொடக்கத்தில், ஏழெட்டு அங்குல மண் தொட்டியில் வேர் பிடித்த செடியை அப்படியே பாத்தியில் இறக்கி, தொட்டியின் விளிம்பு மட்டத்துக்கு மண்ணை அணைத்துவிட்டால், பார்ப்பவருக்குப் பாத்தியில் நட்ட செடியாகத்தான் தெரியும். மே கடைசியில் வானம் கறுக்கத் தொடங்கியதும் தொட்டியைப் பிடுங்கி எடுத்துக் கூரைக்கடியில் வைத்துவிடலாம். வேர் தொட்டிக்குள் அடங்கியிருப்பதால் இலை கொழுக்காமல் பூவும் அதிகம் கிடைக்கும்; ஜெரேனியத்துக்கு வேர் நெருக்கம் பிடிக்கும். ஒரே சங்கடம், மண் தொட்டியின் அடித்துளை வழியாகச் சில வேர்கள் வெளியேறிப் பாத்தி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை தொட்டியை அரைச்சுற்றுத் திருகி விட்டால் அவை அறுந்துவிடும்.

தொட்டி வேண்டாம், நேரடியாகத்தான் நடுவேன் என்பவர்கள் தரையிலிருந்து ஓர் அடி உயர்த்திய பாத்தியை, சரிவின் மேல்பக்கத்தில், நாளுக்கு ஐந்தாறு மணி நேரமாவது வெயில் விழும் இடத்தில் அமைக்க வேண்டும். ஓர் அடி இடைவெளியில் ஸோனல் வகையை மட்டும் நட வேண்டும். அந்தச் செடிகளை ஓராண்டுப் பயிராகவே கருத வேண்டும். மழை முடிந்தபின் எஞ்சி நிற்பவை லாபக் கணக்கில் சேரும்.

மண் விஷயத்தில்தான் நீலகிரிக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. தேயிலைக்கு உகந்த நம் மண் புளிப்பு மண். அமில காரத்தன்மை (pH) 5-ஐ ஒட்டியும் அதற்குக் கீழேயும் இருக்கும் இடங்கள் ஏராளம். அசேலியாவும் கமேலியாவும் இந்த மண்ணில் மகிழ்ந்து வளரும். ஸோனல் ஜெரேனியத்துக்கு 6-க்கும் 6.5-க்கும் இடைப்பட்ட அளவு தேவை. மண் அதைவிடப் புளித்திருந்தால், அதிலுள்ள இரும்பும் மாங்கனீசும் அளவுக்கு மீறிக் கரைந்து வேர் வழியே ஏறி இலைகளில் தங்கிவிடுகின்றன. முதிர்ந்த கீழ் இலைகளில் மிளகுத்தூள் தூவியது போலப் பழுப்புப் புள்ளிகள் தோன்றும். பிறகு இலையின் ஓரம் காய்ந்து உதிரும். பார்த்தவுடன் பூஞ்சை நோய் என்று எண்ணி மருந்தடிப்பவர்கள் பலர். எவ்வளவு மருந்தடித்தாலும் போகாத இந்தப் புள்ளிக்கு மருந்து சுண்ணாம்புதான். நான் தோட்டத்து மேல்மண் இரண்டு பங்கு, ஆற்று மணலோ பெர்லைட்டோ ஒரு பங்கு, நன்றாக மக்கிய சாண உரம் ஒரு பங்கு என்று கலந்து, ஒரு பாண்டு கலவைக்கு ஒரு கைப்பிடி டோலமைட் சுண்ணாம்புத் தூள் சேர்த்து, சில வாரங்கள் ஆறவிட்டுப் பயன்படுத்துகிறேன். அடுப்புச் சாம்பல் கிடைக்கும் வீடுகளில் அதையும் சிறிது தூவலாம். புளிப்பையும் குறைக்கும், பூவுக்கு வேண்டிய சாம்பல் சத்தையும் தரும். தென்னைநார்க் கழிவை மட்டும் கொண்டு தொட்டியை நிரப்பும் இப்போதைய வழக்கம் சமவெளிக்குப் பொருந்தலாம். மலையின் ஈரக் காற்றில் அது காயவே காயாது.

தண்ணீரைப் பற்றி, பூங்காவில் வேலை செய்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. “இலை கொஞ்சம் தொங்கட்டும் சார், அப்புறம் ஊத்துங்க. இது ஒண்ணும் கேரட் இல்ல,” என்றார். மேல்மண் விரலின் முதல் கணு அளவுக்குக் காய்ந்த பிறகே ஊற்ற வேண்டும். ஊற்றும்போது அடித்துளையில் வடியும்வரை ஊற்ற வேண்டும். தட்டில் தேங்கிய நீரை உடனே கொட்டிவிட வேண்டும். இலையை நனைக்காமல் மண்ணில் ஊற்றுவதும், காலையில் ஊற்றுவதும் முக்கியம். மாலையில் ஊற்றினால் ஊட்டியில் அந்த ஈரம் மறுநாள் பத்து மணி வரை இலையிலேயே நிற்கும். மழைக்காலத்தில் கூரைக்கடியில் இருக்கும் தொட்டிக்குப் பத்து நாளுக்கு ஒருமுறை ஊற்றினால்கூடப் போதும். தண்ணீர் குறைவால் வாடிய ஜெரேனியம் ஒரு மணி நேரத்தில் எழுந்துவிடும். தண்ணீர் மிகுந்து வாடிய செடிக்கும் இலை அதேபோலத்தான் தொங்கும். அதைக் கண்டு இன்னும் ஒரு பூவாளி ஊற்றும்போதுதான் கதை முடிகிறது. இரண்டையும் பிரித்தறியத் தண்டின் அடியைப் பார்க்க வேண்டும். தரையையொட்டிய பகுதி கறுத்து, ஈரப் பளபளப்போடு, அழுத்தினால் உள்ளே போனால் அது கருங்கால் அழுகல். அந்தச் செடியைக் காப்பாற்ற முடியாது. மேலே ஆரோக்கியமாக இருக்கும் நுனிகளை வெட்டிப் புதிய செடியாக்கலாம்.

பனியைப் பற்றியும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஊட்டியில் உறைபனி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி விழுவதில்லை. இரவில் குளிர்ந்த காற்று கனத்துச் சரிவில் இறங்கிப் பள்ளங்களில் தேங்குகிறது. அதனால்தான் தலைக்குந்தாவிலும் காந்தலிலும் குதிரைப் பந்தய மைதானத்திலும் தரை வெளுத்துக் கிடக்கும் காலையில், நூறடி மேலே சரிவில் இருக்கும் வீட்டுத் தோட்டம் பச்சையாகவே இருக்கும். பள்ளத்தில் வீடுள்ளவர்கள் நவம்பர் இறுதியிலேயே தொட்டிகளைத் தாழ்வாரத்துச் சுவரோரம் நகர்த்திவிட வேண்டும். பகல் வெயிலில் சூடேறிய சுவர் இரவில் அந்தச் சூட்டைச் சிறிது சிறிதாகத் திருப்பித் தரும். தாவரவியல் பூங்காவில் மலர்ச் செடிகளின் மேல் ‘கோத்தகிரி மிலார்’ என்ற செடிகளைப் பரப்பி மூடுகிறார்கள். அதிகாலையில் வெயில் படுமுன் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைக்கிறார்கள். வீட்டில் பழைய வேட்டியோ செய்தித்தாளோ போதும். பாலித்தீனை இலையில் படும்படி போர்த்தினால், பட்ட இடமெல்லாம் கருகும்.

பனி தாக்கிய ஜெரேனியம் இலையைக் காலை ஏழு மணிக்குப் பார்த்தால் கருகியதாகவே தெரியாது. வழக்கத்தைவிடக் கரும்பச்சையாக, ஈரம் ஊறிய கண்ணாடித் தாள் போல ஒளி ஊடுருவ நிற்கும். வெயில் ஏறி ஒன்பது மணியாகும்போது அந்த இலை தளர்ந்து தொங்கி, நண்பகலுக்குள் கறுத்துவிடும். அந்த அலங்கோலத்தைக் கண்டு உடனே கவாத்துக் கத்தியை எடுக்கக் கூடாது. கருகிய இலைகளைப் பனிக்காலம் முடியும்வரை அப்படியே விட்டுவிட்டால், அடுத்த பனிக்கு அவையே தண்டுக்குப் போர்வையாகும். மண் உலர்ந்திருந்தால் தடித்த தண்டு பெரும்பாலும் பிழைத்துவிடும். பிப்ரவரிக் கடைசியில் கீழ்க் கணுக்களிலிருந்து துளிர் வரும். மண் ஈரமாக இருந்த தொட்டிகள்தான் பனியில் முழுதாகப் போகின்றன. பனியிலும்கூட ஈரம்தான் கூட்டுக் குற்றவாளி என்பதைப் பலமுறை கண்டுவிட்டேன்.

குளிரால் ஒரு நன்மையும் உண்டு. ரீகல் வகை, பத்து டிகிரி செல்சியஸை ஒட்டிய குளிரில் சில வாரங்கள் இருந்தால்தான் மொட்டுக் கட்டும். இரவு வெப்பம் 16 டிகிரிக்கு மேல் நிலைத்துவிட்டால் பூப்பதை நிறுத்திவிடும். ஊட்டியின் பனிக்காலம், உறையாமல் காத்துக்கொண்டால், ரீகலுக்குச் செய்துவைத்தது போன்ற காலம். மார்ச்சில் அது ஒரே வீச்சில் பூத்துக் குலுங்கும். ஸோனல் வகைக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. வெளிச்சம் போதுமென்றால் ஆண்டின் எந்த மாதத்திலும் அது மொட்டு விடும்.

இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒரே செடியை வைத்துக்கொண்டிருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தண்டு மரம் போல் இறுகி, இலையெல்லாம் நுனிக்குப் போய்விடும். தேயிலையைப் போலவே இதற்கும் கவாத்து உண்டு. முதல் சீசன் முடிந்ததும் மூன்று நான்கு கணுக்களை விட்டுவிட்டு வெட்டிவிட வேண்டும். வெட்டியதில் கிடைக்கும் நுனிகளே அடுத்த தலைமுறை. எனினும் மழை நடுவில் நட்ட குச்சி அழுகும் வாய்ப்பு அதிகமாதலால், என் முக்கியமான நடவைத் தென்மேற்கு மழை ஓயும் செப்டம்பரில் வைத்துக்கொள்கிறேன். அவை ஏப்ரலுக்குள் பூக்கும் செடிகளாகிவிடும். பூக்காத, நோயற்ற நுனியை மூன்று நான்கு அங்குல நீளத்தில், கணுவுக்குச் சற்றுக் கீழே, கூர்மையான கத்தியால் வெட்டுகிறேன். மேலே இரண்டு மூன்று இலைகளை விட்டுவிட்டுக் கீழுள்ளவற்றை அகற்றுகிறேன். இலைக்காம்பு தண்டோடு சேருமிடத்தில் இருபுறமும் காகிதம் போன்ற சிறிய முக்கோணச் செதில்கள் இருக்கும்; அவற்றையும் நகத்தால் கிள்ளி எடுத்துவிட வேண்டும். மண்ணுக்குள் போனால் முதலில் அழுகுபவை அவைதான். அழுகல் அங்கிருந்தே தண்டுக்குள் நுழையும். பிறகு குச்சிகளை ஒரு செய்தித்தாளில் பரப்பி, நிழலில் ஓரிரவு விட்டுவிடுவேன். காலையில் வெட்டுவாய் வெளிறி உலர்ந்து தோல் கட்டியிருக்கும். அதை மணல் கலந்த மண்ணில் ஓர் அங்குல ஆழத்துக்குச் செருகி, ஒருமுறை நீர் விட்டு, நிழலான வெளிச்சத்தில் வைத்தால் மூன்று நான்கு வாரங்களில் வேர் பிடிக்கும். வேரூக்கிப் பொடி தேவையில்லை. செம்பருத்திக் குச்சிக்குச் செய்வது போல் பிளாஸ்டிக் பை கவிழ்த்து மூடுவது இதற்குக் கேடு. மயிரடர்ந்த இலை அந்தப் புழுக்கத்தில் இரண்டே நாளில் சாம்பல் பூசணம் பிடித்துவிடும். வேர் பிடித்துப் புதுத் துளிர் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வரும்.

பூத்து முடிந்த கொத்தை நீக்குவதைப் பலர் அழகுக்கான வேலை என்று நினைக்கிறார்கள். அழகு இரண்டாம் பட்சம். மழைத் தூறலில் உதிரும் இதழ்கள் கீழ் இலைகளில் ஒட்டிக்கொண்டு, ஒட்டிய இடத்தில் சாம்பல் பூசணத்தைக் கிளப்பும். கொத்தின் நீண்ட காம்பைக் கத்தரிக்கோலால் பாதியில் வெட்டக் கூடாது. மிச்சக் காம்பு அழுகும். காம்பு தண்டோடு சேரும் மூட்டில் கட்டைவிரலை வைத்துக் கீழ்நோக்கி அழுத்தினால், சுத்தமாக ஒடிந்து வந்துவிடும். இரட்டை அடுக்குப் பூக்களில் இதழ்கள் அவ்வளவு எளிதில் உதிராமல் கொத்திலேயே காய்ந்து நிற்பதால் தாழ்வாரத்துக்கு அவை நல்லவை. ஆனால் மழையில் நனைந்தால் நீரைக் கோத்துக்கொண்டு கொத்தோடு அழுகுபவையும் அவையே. வெளியில் வைக்க ஒற்றை அடுக்கே மேல். உரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தழைச்சத்து மிகுந்தால் குடை போன்ற இலைகள் கிடைக்கும், பூ கிடைக்காது. தக்காளிக்கு இடும் சாம்பல் சத்து மிகுந்த நீர்உரத்தை, பூக்கும் பருவத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பாதி அளவில் கொடுத்தால் போதுமானது.

நோய்களில் இரண்டை அடையாளம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். இலையின் அடிப்புறத்தில் பழுப்புப் பொடி வட்டம் வட்டமாகத் தோன்றினால் அது துரு நோய். இதுவும் செடியின் தாய்நிலமான தென்னாப்பிரிக்காவிலிருந்து கிளம்பியதே. 1960-களில்தான் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் பரவியது. இலை ஈரமாக இருந்தால் மட்டுமே அதன் வித்து முளைக்கும் என்பதால், இங்கும் கூரைதான் முதல் மருந்து. பாதித்த இலைகளைப் பறித்து எரித்துவிட வேண்டும். எருக்குழியில் போடக் கூடாது. இரண்டாவது, ரால்ஸ்டோனியா என்ற பாக்டீரியாவால் வரும் வாடல். இலையின் ஓரம் மஞ்சளாகி, செடி ஒரு பக்கமாக வாடும். இந்தப் பாக்டீரியாவின் ஒரு வகை உருளைக்கிழங்கையும் அழுகவைப்பது. அதனால்தான் 2003-இல் கென்யாவிலிருந்தும் 2020-இல் குவாத்தமாலாவிலிருந்தும் வந்த ஜெரேனியங்களில் அது கண்டறியப்பட்டபோது, அமெரிக்க வேளாண் துறை பதறிப்போய்ச் செடிகளைப் பெருமளவில் அழித்தது. வீட்டைச் சுற்றி உருளைக்கிழங்குத் தோட்டங்கள் உள்ள நாம், கிழங்கு விளைந்த மண்ணை அள்ளி ஜெரேனியம் தொட்டியை நிரப்பாமல் இருப்பதும், வாடி இறந்த ஜெரேனியத்தைத் தோட்டத்து வரப்பில் வீசாமல் இருப்பதும் இரு பயிருக்கும் பாதுகாப்பு.

பூச்சிகள் பொதுவாக இச்செடியை அதிகம் நாடுவதில்லை. வெள்ளை ஈயும் மொட்டைத் துளைக்கும் புழுவும் சில சமயம் வரும். இதையொட்டி எனக்குப் பிடித்த ஒரு செய்தி உண்டு, நம் தோட்டத்துக்கு நேரடிப் பயனில்லை என்றாலும். அமெரிக்காவில் பயிர்களை அழிக்கும் ஜப்பானிய வண்டு ஸோனல் ஜெரேனியத்தின் இதழைத் தின்றால், அரை மணி நேரத்துக்குள் கால்கள் செயலிழந்து மல்லாந்து விழுந்துவிடும். காரணமான பொருள் குவிஸ்குவாலிக் அமிலம் என்று ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்டார்கள். அந்த அமிலம் பெயர் பெற்றது எந்தச் செடியிலிருந்து தெரியுமா? நம் ஊர்ப் பந்தல்களில் வெள்ளையாய் மலர்ந்து மறுநாள் சிவக்கும் ரங்கூன் மல்லியிலிருந்து.

பூவுக்காக அல்லாமல் இலையின் மணத்துக்காக வளர்க்கும் வாசனை ஜெரேனியம், இந்தக் குடும்பத்தில் மழையைப் பொருத்தவரை ஓரளவு முரட்டுப் பிள்ளை. ரோஜா மணம் வீசும் வகையை நீலகிரியிலும் கொடைக்கானலிலும் ஏற்காட்டிலும் தைலத்துக்காகவே பயிரிட்டிருக்கிறார்கள்; யூகலிப்டஸ் போலவே இலையை ஆவியில் காய்ச்சி வடிக்க வேண்டும். ஏறக்குறைய ஆயிரம் கிலோ இலைக்கு ஒரு கிலோ தைலம் கிடைக்கும் என்பதால் விலை அதிகம். வீட்டில் இதைச் சரிவின் விளிம்பில், நடைபாதையையொட்டி நட்டால், உரசிப் போகும்போதெல்லாம் மணக்கும். பூ சிறியது, பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

ஊட்டிக்கு வந்து சாலையோர நாற்றுக் கடையில் பூத்த ஜெரேனியத்தைப் பார்த்து மயங்கிக் கீழே எடுத்துச் செல்பவர்களுக்கும் சிலவற்றைச் சொல்ல வேண்டும். கடையில் கண்ணைப் பறிப்பது பெரும்பாலும் ரீகலாகத்தான் இருக்கும். அதை வாங்க வேண்டாம். கோயம்புத்தூரிலோ சென்னையிலோ அதற்கு வேண்டிய குளிர் இரவுகள் கிடைக்காததால், இருக்கும் மொட்டுகள் விரிந்து முடிந்த பிறகு அது வெறும் இலைச் செடியாக நின்று, மே மாதத்தில் மறையும். இலையில் வளையம் உள்ள ஸோனலை வாங்கலாம். அதையும் மே மாதச் சுற்றுலாவில் வாங்குவது வீண். சமவெளியின் கொதிக்கும் இரவுகளில் அது மொட்டைக் கருக்கிவிடும், தொடர்ந்து வரும் மழையில் அடி அழுகும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த டிசம்பர் பிற்பகுதியில் வாங்கி, காலை வெயில் மட்டும் விழும் கிழக்குப் பார்த்த பால்கனியில், மணல் தாராளமாகக் கலந்த மண் தொட்டியில் வைத்தால் மார்ச் நடுப்பகுதி வரை பெரும்பாலும் பூக்கும். பெங்களூரில் இருப்பவர்களுக்கு இந்தக் காலம் இன்னும் சில மாதங்கள் நீளும். மழையில் நனையாத இடம் ஒன்று இருந்தால் அங்கே ஆண்டு முழுவதுமேகூட வைத்துக்கொள்ளலாம்.